450-இல் ஓடிய 300

நகப்பூச்சு ஒரு சொட்டு போதும். செல்லோ டேப்பில் ஒரு மெல்லிய கீற்று இருந்தாலும் போதும். 1998-இல் வந்த இன்டெலின் மலிவு விலைப் பிராசஸரான செலரான் 300ஏ, இன்றைய பிராசஸர்களைப் போல மதர்போர்டில் மல்லாந்து கிடக்கும் சதுர வில்லை கிடையாது. அது ஒரு பச்சை அட்டை. ஸ்லாட்டில் நிமிர்த்திச் செருக வேண்டும். அட்டையின் அடியோரத்தில் இரு பக்கமும் சேர்த்து 242 பொன்முலாம் பூசிய பற்கள். அவற்றில் பி21 என்ற ஒரே ஒரு பல்லை மட்டும் மூடி, அட்டையைத் திரும்பச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் 300 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 450 என்று வந்து நிற்கும். அச்சிட்ட வேகத்துக்கு மேல் இப்படி ஓட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர்.

மந்திரம் எதுவும் இல்லை. பிராசஸரும் மதர்போர்டும் தகவல் பரிமாறும் பாதைக்குப் பஸ் என்று பெயர். "எனக்கு 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்" என்று மதர்போர்டுக்குச் சொல்வதுதான் அந்தப் பல்லின் வேலை. பல்லை மூடியதும் சேதி போய்ச் சேராது. மதர்போர்டு 100 என்று எடுத்துக்கொள்ளும். சிப்புக்குள் 4.5 என்ற மல்டிப்ளையர், அதாவது பஸ் வேகத்தைப் பெருக்கும் எண், பூட்டப்பட்டிருக்கிறது. 66.6-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 300. 100-ஐப் பெருக்கினால் 450. ஏபிட் பிஎச்6 மாதிரியான மதர்போர்டு வைத்திருந்தவர்களுக்கு இந்த டேப் வேலைகூடத் தேவைப்படவில்லை. பயாஸுக்குள், அதாவது கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் அமைப்புத் திரைக்குள், போய் 100 என்று மாற்றிவிட்டு வெளியே வரலாம்.

செலரான் 300ஏ வெளியான அதே 1998 ஆகஸ்ட் 24 அன்றுதான் இன்டெலின் விலை உயர்ந்த பிராசஸரான பென்டியம் 2-இன் 450 மெகாஹெர்ட்ஸ் மாடலும் வந்தது. மொத்த வியாபார விலையில் செலரான் 149 டாலர், பென்டியம் 669 டாலர். டேப் ஒட்டிய செலரான் பல விளையாட்டுகளில் அந்தப் பென்டியத்துக்குப் பக்கத்தில் ஓடியது. 520 டாலர் வித்தியாசத்தை ஒரு சொட்டு நகப்பூச்சு அழித்துவிட்டது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "எல்லாம் ஒரே சிப்தான், லேபிளை மாற்றி ஒட்டிக் கொள்ளையடிக்கிறார்கள்" என்றது ஒரு கட்சி. "பரீட்சையில் தோற்ற பென்டியத்துக்குத்தான் செலரான் என்று பெயர்" என்றது இன்னொன்று. கால் நூற்றாண்டு கழிந்தும் இரண்டு பேச்சும் ஓயவில்லை. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் செலரான் 300ஏ விஷயத்தில் இரண்டுமே தவறு. ஏன் தவறு என்று பார்க்க, சிப்பின் மேல் அச்சடித்த அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்க வேண்டும்.

சிலிக்கானுக்கு இயல்பான வேகம் என்று ஒன்று கிடையாது. 300 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே சுமார் 3.3 நானோசெகண்ட். அதற்குள் ஒரு சிக்னல் தன் இடத்தை விட்டுக் கிளம்பி, வழியில் உள்ள டிரான்சிஸ்டர்களை எல்லாம் கடந்து, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சிப்புக்குள் இப்படி லட்சக்கணக்கான பாதைகள். மிக மெதுவான பாதை எதுவோ அதுதான் மொத்தச் சிப்பின் வேகத்தையும் தீர்மானிக்கும். 450-க்கு ஏற்றினால் கெடு 2.2 நானோசெகண்டாகச் சுருங்குகிறது. அந்தச் சோம்பேறிப் பாதை அதற்குள் ஓடி முடித்தால் தொல்லை இல்லை. முடிக்காவிட்டால் அடுத்த கட்டம் பழைய விடையையே எடுத்துக்கொண்டு போய்விடும்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். தவறு நடந்தால் கம்ப்யூட்டர் உடனே உறைந்துவிடும், நீலத் திரை வரும் என்று நினைக்கிறார்கள். வரலாம். வராமலும் போகலாம். ஒரு கூட்டலில் ஒரு பிட் மாறி, அது யார் கண்ணிலும் படாமல் ஒரு கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளவும் கூடும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள், விண்டோஸ் திறந்ததுமே கை தட்டாமல், பிரைம்95 போன்ற சோதனை நிரல் ஒன்றை ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் படுக்கப் போவார்கள். விடை ஏற்கெனவே தெரிந்த பெரும் பெருக்கல்களை அது திரும்பத் திரும்பப் போட்டு ஒப்பிடும். எட்டாவது மணி நேரத்தில் ஒரே ஒரு விடை பிசகினாலும் அந்த வேகம் தோல்விதான்.

சிப்பைச் சோதித்து எண் அச்சிடும் கம்பெனிக்கு ராத்திரி முழுக்க ஒவ்வொன்றையும் ஓடவிட நேரம் கிடையாது. சோதனை யந்திரத்தில் ஒரு சிப்புக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் பார்த்துவிட்டு, பல ஆண்டுகளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சிப் மே மாத வெயிலில், தூசி அடைத்த கேபினெட்டுக்குள், ஆடி ஆடி வரும் வோல்டேஜில், ஐந்தாறு வருஷம் கிழடான பிறகும் அதே வேகத்தில் பிசகாமல் ஓட வேண்டும். எனவே சோதனையில் வந்த வேகத்தை அப்படியே அச்சிடமாட்டார்கள். ஒரு இடைவெளி விட்டுக் குறைத்துத்தான் போடுவார்கள். லிஃப்டுக்குள் "6 பேர், 408 கிலோ" என்று எழுதியிருக்கும். ஏழாவது ஆள் ஏறியதும் கயிறு அறுந்து விழுவதில்லை. அதற்காக லிஃப்ட் கம்பெனி பொய் சொல்லிவிட்டது என்று யாரும் சொல்வதும் இல்லை. ஓவர்கிளாக் செய்பவர் அந்த ஏழாவது ஆள். கம்பெனி மோசமான நாளுக்கென்று ஒதுக்கிவைத்த இடைவெளியை, தன் வீட்டில் நல்ல ஃபேன் இருக்கிறது என்ற தைரியத்தில் எடுத்துச் செலவழிக்கிறார்.

ஆனால் 300-க்கும் 450-க்கும் இடையே உள்ள 50 சதவீதத்தை இந்த இடைவெளி மட்டும் விளக்கிவிடாது. மீதிக் கதை சந்தையில் இருக்கிறது.

சிப்கள் ஒவ்வொன்றாகச் செய்யப்படுவதில்லை. வேஃபர் எனப்படும் வட்டமான சிலிக்கான் தகடு ஒன்றில் மொத்தமாக உருவாகி, பிறகு வெட்டப்படுகின்றன. அப்போது வேஃபரின் விட்டம் 200 மில்லிமீட்டர். 300ஏ-வுக்குள் இருந்த சிப்பின் பரப்பு சுமார் 154 சதுர மில்லிமீட்டர். ஓரத்தில் அரைகுறையாக வெட்டுப்படுவதைக் கழித்தால் ஒரு வேஃபரில் 170-க்குப் பக்கம் தேறும். அவற்றில் தூசியோ பிழையோ விழுந்தவை கழியும். மிஞ்சியவையும் ஒன்றுபோல் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒன்றின் டிரான்சிஸ்டர் கொஞ்சம் குட்டை, இன்னொன்றின் கம்பி கொஞ்சம் மெலிவு. ஆகவே ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் அமையும். வேஃபரின் நடுவில் வெட்டியவைதான் ராசியானவை என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஓரத்தில் பிழைகள் கூடுதல் என்பது நிஜம், ஆனால் நடுவில் வெட்டியது எப்போதும் வேகமானது என்று சொல்லிவிட முடியாது.

பிறகு தரம் பிரிப்பு. மாம்பழ மண்டியில் பார்த்திருப்பீர்கள். ஒரே தோப்புக் காய்தான். பெரியது ஒரு கூடை, நடுத்தரம் ஒரு கூடை, சிறியது ஒரு கூடை. விளைச்சல் நன்றாக இருக்கிற வருஷம் பெரிய காய் மலிந்து கிடக்கும். வருகிறவர்களோ நடுத்தரக் கூடைதான் கேட்கிறார்கள். வியாபாரி என்ன செய்வார்? பெரிய காயை எடுத்து நடுத்தரக் கூடையில் போட்டு, நடுத்தர விலைக்கே கொடுப்பார். வாங்கியவருக்கு லாபம், வியாபாரிக்கும் சரக்குத் தங்கவில்லை.

1998-இல் நடந்தது இதுதான். சிப்பைப் பொறிக்கும் 0.25 மைக்ரான் முறை அதற்குள் நன்றாகப் பழகிவிட்டது; அதே முறையில்தான் 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் வெளிவந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் ஆயிரம் டாலருக்குக் கீழான கம்ப்யூட்டர்களில் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி தன் கே6-2 சிப்பை வைத்து இடம் பிடித்துக்கொண்டிருந்தது. இன்டெலுக்கு அவசரமாக ஒரு மலிவு சிப் வேண்டும்; ஆனால் அது தன்னுடைய விலை உயர்ந்த பென்டியத்தைத் தின்றுவிடவும் கூடாது. அதனால் 66 பஸ், 300 மற்றும் 333 என்று வேலி போட்டார்கள். வேலிக்குள் இருந்த சிப்புக்கு எவ்வளவு மூச்சு இருந்தது என்பதற்குப் பின்னாளில் இன்டெலே சாட்சி சொன்னது: இதே குடும்பத்தின் கடைசி மாடல், அதே 66 பஸ்ஸில், 533 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டு விற்கப்பட்டது.

இப்போது "தோற்றுப்போன பென்டியம்" கதைக்கு வரலாம். பென்டியம் 2-இன் அட்டையைத் திறந்தால் நடுவில் பிராசஸர், பக்கத்தில் தனித்தனியாக கேச் சிப்கள். அடிக்கடி தேவைப்படும் தகவலைப் பிராசஸருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் சிறு நினைவகம்தான் கேச். அந்த 512 கேபி கேச் பிராசஸரின் பாதி வேகத்தில்தான் ஓடும். மெண்டோசினோ என்ற உட்பெயர் கொண்ட 300ஏ-வில் 128 கேபி கேச் பிராசஸருக்குள்ளேயே பொறிக்கப்பட்டு முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2-இல் 75 லட்சம் டிரான்சிஸ்டர்கள். மலிவு விலை செலரானில் 1 கோடியே 90 லட்சம். வரைபடமே வேறு, உருவமே வேறு. ஒரு பென்டியம் எத்தனை பரீட்சையில் தோற்றாலும் மெண்டோசினோ ஆக முடியாது. சொல்லப்போனால் கைக்கடக்கமான விளையாட்டுகளில் 450-இல் ஓடிய செலரான் பென்டியத்துக்கு ஈடுகொடுத்ததற்கு அந்த உள் கேச்சும் ஒரு காரணம்.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்றால், அதற்கு முன்னும் பின்னும் அது உண்மையாக இருந்ததுதான் காரணம். 2000-இல் வந்த அடுத்த தலைமுறைச் செலரான், பென்டியம் 3-இன் அதே சிப்தான். 256 கேபி கேச்சில் பாதியை அணைத்து விற்றார்கள். 1991-இல் வந்த 486எஸ்எக்ஸ் என்ற இன்டெல் பிராசஸர் இன்னும் வேடிக்கை. ஆரம்பத்தில் வந்தவை, தசமக் கணக்குப் பிரிவை அணைத்த முழு 486டிஎக்ஸ்கள். "கணக்குப் பிரிவு வேண்டுமா, தனியாக 487 வாங்கிச் செருகிக்கொள்ளுங்கள்" என்றார்கள். அந்த 487 என்பது ஒரு முழு 486டிஎக்ஸ். செருகியதும் பழைய பிராசஸரைத் தூங்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்க்கும்! 2010-இல் ஒரு பென்டியத்தின் அணைத்து வைத்த பகுதிகளைத் திறக்க 50 டாலருக்குக் குறியீட்டு அட்டை விற்ற கதையும் உண்டு. இவற்றை எல்லாம் பார்த்தவர் கம்பெனியைச் சந்தேகப்படுவதைத் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அணைத்தது பழுதா, வியாபாரமா என்பது வெளியில் இருந்து தெரியாது என்பதுதான் சிக்கல். 2009-இல் ஏஎம்டியின் ஃபீனம் 2 பிராசஸரில் மூன்று கோர் (தனித்தனியாக வேலை செய்யும் கணக்குப் பகுதி) கொண்ட மாடலை வாங்கியவர்கள் பயாஸில் ஒரு அமைப்பை மாற்றினால் நான்காவது கோர் விழித்துக்கொள்வதைக் கண்டுபிடித்தார்கள். சிலருக்கு நான்கும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் ஓடின. சிலருக்கு விண்டோஸ்கூடத் திறக்கவில்லை. ஒரே பெயர், ஒரே டப்பா. ஒருவருக்குக் கிடைத்தது சந்தைக்காக மூடிய நல்ல கோர், அடுத்தவருக்கு நிஜமாகவே ஊனமான கோர்.

தயாரிப்பைப் பற்றிய மூடநம்பிக்கைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மலேசியா கதை. 300ஏ-வின் மேல் மலாய் என்றோ கோஸ்டா ரிகா என்றோ அச்சிட்டிருக்கும். "மலாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு, கோஸ்டா ரிகா என்றால் யோசி" என்பது அன்றைய வேதவாக்கு. சிலர் நேர் எதிராகவும் சத்தியம் செய்தார்கள். கடைக்காரரிடம் டப்பாவைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லி ஊர் பெயர் பார்த்து வாங்கியவர்களும் உண்டு. விஷயம் என்னவென்றால், அந்த இரண்டு இடங்களிலும் சிலிக்கான் பொறிக்கப்படவே இல்லை. இன்டெலின் வேஃபர் ஆலைகள் ஆரிகன், அரிசோனா, நியூ மெக்சிகோ, அயர்லாந்து என்று வேறு எங்கோ இருந்தன. வேஃபர் விமானத்தில் வரும். 1972 முதல் இயங்கும் மலேசியாவின் பினாங்கிலும், 1998-இல் திறந்த கோஸ்டா ரிகாவிலும் அதை வெட்டி, அட்டையில் பொருத்தி, சோதித்து, எண் அச்சிடுவார்கள். சிப்பின் வேகத்தில் பெரும்பங்கு அது அங்கே வந்து இறங்கும் முன்பே முடிவாகிவிட்டது. துணி நெய்த ஊரை விட்டுவிட்டு, தைத்த ஊரைப் பார்த்து நூலின் தரத்தைச் சொல்வது மாதிரி. ஒரு குறிப்பிட்ட வாரத்தில் வந்த சரக்கு நன்றாக ஓடியிருக்கலாம், அந்தச் சரக்கு ஒரு ஊர் வழியாகப் போயிருக்கலாம். பெயர் வாங்கிக்கொண்டதோ ஊர்.

"கொஞ்சமாக ஏற்றினால் ஆபத்தில்லை" என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் முயற்சியில் 450-க்குப் போகப் பயந்து, பஸ்ஸை 83-இல் நிறுத்தி 374 போதும் என்று திருப்திப்பட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் விண்டோஸ் 98 தன் பதிவேட்டைக் காணோம் என்றது. ஹார்ட் டிஸ்கில் பாதிக் கோப்புகள் குப்பை. தவறு முழுக்க என்னுடையது. ஹார்ட் டிஸ்கும் மற்ற கார்டுகளும் தொங்கும் பிசிஐ பஸ் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது. மதர்போர்டு அதை முக்கிய பஸ்ஸிலிருந்து வகுத்து எடுக்கும். 66-ஐ இரண்டால் வகுத்தால் 33. 100-ஐ மூன்றால் வகுத்தால் 33. நடுவில் 83-இல் நின்றால் இரண்டால்தான் வகுக்கும், பிசிஐ 41.5-க்கு எகிறிவிடும். பிராசஸர் சிரித்துக்கொண்டிருக்கும், டிஸ்க் செத்துக்கொண்டிருக்கும். 450-தான் உண்மையில் பாதுகாப்பான எண், 374 ஆபத்தான எண்.

சூட்டைப் பற்றியும் அரைகுறைப் புரிதல் நிறைய. "ஃபேன் நன்றாக இருந்தால் எதுவும் ஆகாது" என்பார்கள். வேகத்தைக் கூட்டினால் மின்செலவு அதே விகிதத்தில்தான் கூடும். வோல்டேஜைக் கூட்டினால் அதன் வர்க்கத்தில் கூடும். 300ஏ-வின் வோல்டேஜ் 2.0. 450-இல் தள்ளாடிய சிப்புக்கு 2.2 கொடுப்பார்கள். வேகம் ஒன்றரை மடங்கு, வோல்டேஜின் வர்க்கம் 1.21 மடங்கு, பெருக்கினால் மின்செலவு 1.8 மடங்கு. இந்தச் சூட்டை ஹீட்சிங்க் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கம்பிகளுக்குள் நடப்பது வேறு. அடர்த்தியாக ஓடும் எலக்ட்ரான்கள் உலோக அணுக்களை மெல்ல மெல்ல இடம் பெயர்க்கும், ஆற்று வெள்ளம் கரையை அரிப்பது போல. ஓரிடத்தில் கம்பி மெலியும், இன்னோரிடத்தில் முண்டு கட்டும். மோட்டரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் 1969-லேயே இதற்குச் சூத்திரம் எழுதிவைத்துவிட்டார். 2002 வாக்கில் நார்த்வுட் பென்டியம் 4-க்கு 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.7-க்கு மேல் கொடுத்தவர்கள், குளிர்ச்சி நன்றாக இருந்தும் சில வாரம், சில மாதத்தில் சிப் செத்துப் போவதைக் கண்டார்கள். அதற்கு ஒரு வியாதிப் பெயரே வைத்தார்கள். பழியும் பெரும்பாலும் இந்த அரிப்பின் மேல்தான் விழுந்தது.

இடைவெளியைச் செலவழிப்பது நாம் மட்டும்தானா? 2000 மார்ச்சில் ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அந்த ஓட்டத்தில் விடக்கூடாது என்று இன்டெல் ஜூலைக் கடைசியில் பென்டியம் 3-ஐ 1.13 கிகாஹெர்ட்ஸில் கொண்டுவந்தது. அதைச் சோதித்த தாமஸ் பாப்ஸ்ட், கைல் பென்னட் போன்ற விமர்சகர்களிடம் அது நிலையாக ஓடவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைத் தொகுக்கச் சொன்னால் பாதியில் விழுந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் இன்டெல் அந்தச் சிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வீட்டில் செய்தால் ஓவர்கிளாக். ஆலையில் செய்து அச்சிட்டு விற்றால் அதற்கு என்ன பெயர் என்று அப்போது கிண்டலாகக் கேட்டவர்கள் உண்டு. இடைவெளி இல்லாத எண் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்று ஒரு சொட்டு நகப்பூச்சில் 50 சதவீதம் கிடைக்காததற்கும் காரணம் இங்கேதான். 2008 நவம்பரில் வந்த முதல் கோர் ஐ7-இலிருந்து டர்போ என்ற பெயரில் சிப்பே தன் சூட்டையும் மின்செலவையும் பார்த்துத் தானாக ஏறி இறங்கத் தொடங்கிவிட்டது. முன்பு நாம் தேடி எடுத்த மிச்சத்தை இப்போது கம்பெனியே எடுத்து டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கிறது. அதிலும் சில சமயம் கை மீறும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சில நிலைகுலைந்தபோது, அளவுக்கு மீறிய வோல்டேஜ்தான் காரணம் என்று 2024-இல் கம்பெனியே ஒப்புக்கொண்டு, சிப்பின் உள் நிரலான மைக்ரோகோடைத் திருத்தி, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது.

டப்பாவின் மேல் உள்ள இன்னொரு எண்ணையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 7 நானோமீட்டர், 5 நானோமீட்டர் என்பவை சிப்புக்குள் எந்தப் பகுதியையும் அளந்து வைத்த எண்கள் இல்லை. இன்டெலின் 10 நானோமீட்டர் முறையில் அடுத்தடுத்த இரண்டு கேட்களுக்கு (டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் பகுதி) இடையே 54 நானோமீட்டர். அந்த முறையின் மேம்பட்ட வடிவத்துக்கே 2021-இல் "இன்டெல் 7" என்று பெயர் மாற்றினார்கள். எந்தத் தலைமுறை என்று சொல்லும் பட்டம் அது, ஸ்கேலில் அளந்த நீளம் இல்லை.

பழைய 300ஏ-க்கள் இன்னும் பல மேஜை அறைகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன. 2.2 வோல்ட்டில் வருஷக்கணக்கில் 450 ஓடித் தேய்ந்தவற்றில் சிலவற்றை இன்று அதே வேகத்தில் போட்டால் விண்டோஸ் சின்னம் வருவதற்குள் உறைந்துவிடக்கூடும். பஞ்சில் அசிட்டோன் தொட்டு பி21-இன் மேல் உள்ள நகப்பூச்சைத் துடைத்துவிட்டுச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் 300-இல் ஓடும்.